உவர்மண்ணும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பும்

துணியில் ஏறும் அழுக்கில் பெரும் பங்கு எண்ணெய். சட்டைக் காலரில் படியும் கறுப்பு, தோல் சுரக்கும் எண்ணெயில் தூசி ஒட்டியதுதான். தண்ணீர் மூலக்கூறில் ஒரு பக்கம் நேர்மின் சாயலும் மறுபக்கம் எதிர்மின் சாயலும் உண்டு, இதுதான் முனைவு. அதனால் உப்பும் சர்க்கரையும் அதில் கரைந்துவிடும். எண்ணெய்க்கு அந்த முனைவு இல்லை, தண்ணீரில் சேராது. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக இல்லை.  நான் பிறந்தது ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில், துணி துவைக்கும் வண்ணார் குடும்பத்தில்.

டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் பிடித்து 1795 வரை வைத்திருந்தார்கள். படைவீரர்களின் சீருடை துவைக்க 18ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் முன்னோரை வரவழைத்தார்கள். டச்சுக்காரர் போய் ஆங்கிலேயர் வந்தார்கள், அவர்களும் போனார்கள். துவைக்கும் வேலை எங்களிடமே நின்றது. இன்று ‘வெளி’ பகுதியில் இருக்கும் தோபிகானா என்ற துவைப்பிடம், 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. அதற்கு முன்பு குளக்கரைதான்.

சோப்பு வருவதற்கு முன் எண்ணெய் அழுக்கை எதைக் கொண்டு எடுத்தார்கள்? உவர்மண். அதில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கி, பெரிய பானையின் மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வைப்பது வெள்ளாவி. சூட்டில் எண்ணெய் இளகும், அதிலுள்ள கொழுப்பு அமிலம் உவரோடு சேர்ந்து அங்கேயே சோப்பாகும். அழுக்கைக் கொண்டே அழுக்கை எடுக்கும் வழி இது. கொழுப்பு எப்படிச் சோப்பாகிறது என்பதை ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் விளக்கினார். வண்ணார் கைக்கு அந்த அறிவு எப்போதோ வந்துவிட்டது. அதை யாரும் அறிவு என்று எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

சோப்பு மூலக்கூறின் ஒரு நுனி தண்ணீரைப் பிடிக்கும், நீண்ட வால் எண்ணெய்க்குள் புகும். நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துவைக்கிறது. ஆனால் மேற்குக் கொச்சியில் ஒரு சிக்கல் உண்டு. காயல் சூழ்ந்த ஊர், கிணற்று நீரில் உப்பு ஏறும். உப்பு நீரில் சாதாரணச் சோப்பு கரையாமல் திரிந்துபோகும். இங்கே கை கொடுத்தது தேங்காய் எண்ணெய். அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அந்த வாலில் கார்பன் அணுக்கள் 12 மட்டுமே. மற்ற எண்ணெய்கள் பெரும்பாலானவற்றில் 16, 18. வால் குட்டையானதால் உப்பு நீரிலும் ஓரளவு கரைந்து நுரைக்கும். கடலில் குளிக்கும் மாலுமிகளுக்கான சோப்பைத் தேங்காய் எண்ணெயில் செய்ததும் இதனால்தான்.

எர்ணாகுளத்தில் டாட்டா எண்ணெய் ஆலை 1917இல் தொடங்கியதும் தேங்காயை நம்பித்தான். அந்த இடத்துக்கு டாட்டாபுரம் என்றே பெயர் விழுந்தது. 501 பார் சோப்பு அந்த நிறுவனத்துடையது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அதை நூல் கட்டி அறுத்து வைப்பார்கள். 1993இல் நிறுவனம் இந்துஸ்தான் லீவரோடு சேர்ந்துவிட்டது.

துறைமுகத்தில் வேலை செய்பவர்களின் துணியில் கிரீஸ் இருக்கும். அதற்குச் சோப்பு மட்டும் போதாது. "முதல்ல மண்ணெண்ணெய் தொட்டுத் தேய் தாயி, அப்புறம் சோப்பு போடு" என்பார் பாட்டி. முனைவற்ற கிரீஸை முனைவற்ற மண்ணெண்ணெய்தான் இளக்கும்.

வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் வேறு கதை. பழைய நீலப் பொடி நீரில் கரைவதில்லை, நுண்துகளாக மிதந்து துணியில் உட்காரும். சரியாகக் கலக்காவிட்டால் வெள்ளை வேட்டியில் திட்டு விழும். திருச்சூர் மாவட்டத்துக்காரரான எம்.பி. ராமச்சந்திரன் 1983இல் உஜாலா கொண்டுவந்தார். அது நீரில் கரையும் ஊதாச் சாயம், சொட்டு விட்டால் சமமாகப் பரவும். வெள்ளை வேட்டி கட்டும் கேரளத்தில் அது பரவியதில் வியப்பில்லை.

எதுவும் கரைக்கக் கூடாத கறை ஒன்றும் எங்களுக்கு வேண்டியிருந்தது. யார் வீட்டுத் துணி என்று காட்டும் வண்ணான் குறி. சேங்கொட்டையின் பால் அது. சுண்ணாம்பு பட்டால் கறுத்து நூலில் இறுகும். தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது. அதன் மூலக்கூறிலும் நீண்ட எண்ணெய் வால் உண்டு, அதனால் தோலுக்குள் எளிதில் இறங்கிக் கொப்புளம் போடும். குறி போட உட்காரும் முன் பாட்டி இரு கைகளிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். என் அம்மா காலத்தில் சேங்கொட்டை போய், துணி ஓரத்தில் வண்ண நூலால் போடும் தையல் வந்துவிட்டது.