சாயவேரும் படிகாரமும்: முத்துக்கடற்கரை மறந்துபோன செந்நிறம்

நம் வீட்டுப் பெண்மக்கள் பலர் இன்று துணியில் சாயமேற்றவும் ஓவியம் தீட்டவும் ஆர்வத்துடன் பழகி வருகின்றனர். துப்பட்டாவின் ஓரத்தில் ஒரு கொடி, தலையணை உறையில் ஒரு பூங்கொத்து, முடிச்சிட்டு நனைத்தெடுத்த ஒரு தாவணி என அவர்களின் முயற்சிகள் விரிகின்றன. பெரியோர் சிலருக்கு இது வெளியிலிருந்து வந்த புதுப் பொழுதுபோக்காகத் தோன்றுகிறது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறும். சாகுபுரம், காயல்பட்டினம், ஆறுமுகநேரி, தூத்துக்குடி என நாம் வாழும் இக்கடற்கரையின் செல்வம் முத்தினால் மட்டும் வந்ததன்று. நிறமேற்றிய துணியும் நம் முன்னோரின் மரக்கலங்களை நிறைத்திருந்தது. அத்துணிக்குச் செந்நிறம் தந்த வேர், கடலோர மணலிலேயே விளைந்தது.

மணலில் விளைந்த சிவப்பு

இம்பூறல் என்னும் சிறு செடியைச் சித்த மருத்துவம் அறிந்தோர் அறிவர். இருமலோடு இரத்தம் வரும் நோய்க்கு அதனை மருந்தாகச் சொல்வர். சாயத்தொழிலில் அதற்குச் சாயவேர் என்று பெயர். தரைக்கு மேலே ஒரு சாண் உயரமும் எட்டாத அச்செடி, தரைக்குக் கீழே மெல்லிய நீண்ட வேரை இறக்குகிறது. நிறம் முழுவதும் அவ்வேரின் பட்டையில் உள்ளது. உள்ளிருக்கும் வெண்ணிறத் தண்டில் சாயம் இல்லை. ஆகவே ஒரு துணியைச் சிவப்பாக்க வேர் ஏராளமாக வேண்டும். இரண்டாண்டு வளர்ந்த வேரே சிறந்தது எனச் சாயக்காரர் கருதினர்.

சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களிலும், கடலுக்கு அப்பால் மன்னார், யாழ்ப்பாணம் பகுதிகளிலும் இவ்வேர் கிடைத்தது. சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கலந்த மணலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அச்சத்து செந்நிறத்தை ஆழமாக்கவும் நிலைக்கச் செய்யவும் துணைபுரிகிறது என இன்றைய வேதியியல் விளக்குகிறது. அக்காலச் சாயக்காரருக்கு இவ்விளக்கம் தெரியாது. ஆயினும் எந்தக் கிணற்று நீரில் நிறம் ஒளிர்கிறது, எந்த நீரில் மங்குகிறது என்பதை அவர்கள் கண்ணாலும் நாவாலும் அறிந்திருந்தனர். குடிப்பதற்கு ஏற்ற மென்னீரைக் காட்டிலும் சற்றே கடுத்த நீரே சாயத்திற்கு உகந்தது என்பது அவர்களின் பட்டறிவு.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் கைப்பற்றினர். முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும் அவர்கள் கண்ணை ஈர்த்தவை என்பதை யாவரும் அறிவர். துணியும் அவர்களது பெரும் வணிகம் என்பதைச் சிலரே நினைவில் வைத்துள்ளனர். இலங்கையில் சாயவேர் அகழ்வதை ஒல்லாந்தக் கம்பெனி தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. சிறு செடியின் வேர் ஓர் அரசின் வருவாய்க் கணக்கில் இடம்பெறும் அளவுக்கு அச்சிவப்புக்கு மதிப்பிருந்தது.

துணி ஏறிய மரக்கலங்கள்

ஐரோப்பியர் வருகைக்கு முன்பே இக்கரை உலகச் சந்தையாக விளங்கியது. 1290களில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் அங்கே அரபு, பாரசீக நாடுகளிலிருந்து வந்திறங்கிய குதிரைகளையும் குறிப்பிடுகிறார். தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பழையகாயலே அத்துறைமுகம் என்பது ஆய்வாளர் கருத்து.

கிழக்கே மலாக்கா, சுமத்திரா, சாவகம் ஆகிய நாடுகளில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்கச் சென்ற வணிகர், பொன்னைவிடத் துணியையே கொண்டு சென்றனர். அங்குள்ள மக்கள் நறுமணப் பொருள்களைச் சோழமண்டலத் துணிக்கே மாற்றினர். மலாக்காவில் 1512 முதல் 1515 வரை எழுதிய தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசியர், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த வணிகரையும் அவர்கள் கொணர்ந்த துணிகளையும் விரிவாகப் பதிவு செய்துள்ளார். அக்கடல்வழிகளில் மரைக்காயர்களின் பங்கு பெரிது. மலாய் மக்கள் தம் கட்டமிட்ட கைலியை இன்றும் 'பெலிகாட்' என்கின்றனர். பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயரே அங்கு அவ்வாறு உருமாறி நிற்கிறது. நாம் உடுத்தும் சாரமும் கைலியும் இக்கடல் வணிகத்தின் எஞ்சிய சாட்சிகள்.

நம் சமுதாயத்தினர் வணிகத்தோடு நின்றுவிடவுமில்லை. நெல்லை மேலப்பாளையத்தில் முஸ்லிம் நெசவாளர் தலைமுறை தலைமுறையாகத் தறியில் உழைத்துள்ளனர். தறியில் அமர்ந்தவர், சாயத்தொட்டியில் நின்றவர், பாயை விரித்துக் கலம் செலுத்தியவர் எனப் பலர் கைபட்டே ஒரு துணி கரை கடந்தது. அவர்களுள் கலம் செலுத்தியவரின் பெயர்கள் சில எஞ்சின. சாயத்தொட்டியில் நின்றவர் பெயர் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை.

ஒரு துணி நிறம் பெறும் வழி

அப்பெயரற்றவர்களின் அறிவை அறிய, அவர்கள் செய்த வேலையைப் படிப்படியாகக் காண்பதே வழி. பருத்தி எளிதில் நிறத்தை ஏற்காது. மஞ்சளில் நனைத்த துணி சில நாள் வெயிலில் வெளிறிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். நிறமும் நூலும் பிரியாதபடி பிணைக்க நடுவில் ஒன்று வேண்டும். செந்நிறத்திற்கு அது படிகாரம், கருநிறத்திற்கு இரும்பு.

முதலில் துணியைச் சாணநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் வெளுத்தனர். பின்னர் கடுக்காய்ப்பொடி கலந்த எருமைப்பாலில் நனைத்து உலர்த்தினர். கடுக்காயின் துவர்ப்பு, அடுத்து வரும் படிகாரத்தையும் இரும்பையும் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, தூரிகைக் கோடு பரவிக் கசியாமல் காக்கும்.

இரும்புத்துண்டுகளை வெல்லநீரில் பல நாள் புளிக்கவைத்தெடுத்த நீரை மூங்கில் எழுதுகோலால் கோடாக வரைந்தால், அது கடுக்காயோடு சேர்ந்து அக்கணமே கருக்கும். செந்நிறம் வேண்டிய இடங்களில் படிகாரநீரைத் தீட்டுவர். படிகாரம் நிறமற்றது, எங்கே தீட்டினோம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதில் சிறிது பதிமுகச் சாயம் கலந்து அடையாளம் செய்துகொண்டனர். பிறகு துணி முழுவதையும் சாயவேர் இட்ட நீரில் கொதிக்கவைத்தனர். படிகாரம் பட்ட இடம் மட்டும் நிலையான சிவப்பாகும். மற்ற இடங்களில் ஒட்டிய மங்கல் நிறத்தைச் சாணநீரும் வெயிலும் மெல்ல நீக்கிவிடும்.

நீலத்திற்கு வழி வேறு. நீலம் வேண்டாத இடமெல்லாம் உருக்கிய மெழுகால் மூடிவிட்டு, அவுரி நீலம், சுண்ணாம்பு, வேகவைத்த தகரை விதை ஆகியன சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில் துணியை அமிழ்த்துவர். வெளியே எடுக்கும்போது பசுமஞ்சளாக இருக்கும் துணி, காற்றுப் படப் படப் பச்சையாகி நீலமாகும். மஞ்சள் நிறம் இறுதியில் தீட்டப்படும். நீலத்தின்மேல் மஞ்சள் பட்டால் பச்சை பிறக்கும்.

ஒரே துணி பல வாரங்கள் இவ்வாறு பல கைகள் மாறியது. எத்தனை தலைமுறைச் சோதனைகள், எத்தனை பாழான துணிகள் இந்த ஒழுங்கை உருவாக்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அவர்களைச் சோதனையாளர் என்று அழைக்க நாம் தயங்கமாட்டோம்.

ஐரோப்பா தயங்கவில்லை. இச்சீட்டித்துணிகள் அங்கே பெருகி உள்ளூர் நெசவைப் பாதித்ததால், 1686இல் பிரான்ஸ் அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1701லும் 1722லும் தடைச்சட்டங்களை நடைமுறைப்படுத்தியது. மறுபுறம், அவற்றின் மறையறிவைப் பெறும் முயற்சியும் நடந்தது. 1734 அளவில் போலியே என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒவ்வொரு படிநிலையிலும் துணியில் ஒரு துண்டை வெட்டிச் சேகரித்தார். 1742இல் கேர்தூ என்னும் பாதிரியார், தம்மை அடுத்திருந்த சாயக்காரரிடம் கேட்டறிந்த முறைகளைக் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். தமிழ்நாட்டுச் சாயக்காரரின் வாய்மொழி இன்று நமக்குக் கிடைப்பது பெரிதும் இத்தகைய அயலார் குறிப்புகளின் வழியே. நாமே எழுதி வைத்திருந்தால் கேட்டவர் பெயரோடு சொன்னவர் பெயரும் நின்றிருக்கும்.

கொடியும் பூவும் தேர்ந்த கலை

துணி ஓவியம் மார்க்கத்திற்கு உகந்ததா என்னும் கேள்வி நம் குடும்பங்களில் எழுவதுண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் கொண்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதனை வெறுத்ததும், பின்னர் அத்துணியைக் கிழித்துத் தலையணைகளாக ஆக்கிக்கொண்டதும் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளன. தொழுகையில் கவனத்தை ஈர்த்ததால், வேலைப்பாடு மிக்க மேலாடையை நபியவர்கள் அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் திருப்பியனுப்பிய செய்தியும் உண்டு. உயிரினங்களின் உருவமும், வணக்கத்தைச் சிதறடிக்கும் பகட்டும் அங்கே விலக்கப்பட்டன. அத்துணி வீணாக்கப்படவில்லை என்பதும் நாம் கவனிக்கத்தக்கது.

இவ்வரம்பு கலையை வாடச் செய்யவில்லை. அதற்கு ஒரு தனிவழி வகுத்தது. கோல்கொண்டா சுல்தான்களின் காலத்தில் மசூலிப்பட்டினத்தில் செழித்த துணி ஓவியங்களில் கொடி, பூ, மரம், மிஹ்ராப் வளைவு ஆகியன நிறைந்திருந்தன. அவை பாரசீகத்திற்குச் சென்றன. எழுதுகோலைக் குறிக்கும் 'கலம்' என்னும் சொல்லிலிருந்தே கலம்காரி என்னும் பெயரும் வந்தது. காளஹஸ்தியில் இதே கலை புராணக் காட்சிகளைத் தீட்டியது. ஒரே வேர், ஒரே படிகாரம். தீட்டியவரின் நம்பிக்கைக்கேற்ப வடிவம் வேறுபட்டது.

ஆய்வுக்கூடமும் உப்பளமும்

1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் இருவர், சாயவேரிலும் மஞ்சிட்டி இனத்து வேர்களிலும் உள்ள செந்நிறப் பொருளான அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு உருவாக்கினர். 1897இல் செயற்கை நீலம் வணிகத்திற்கு வந்தது. மணலில் இரண்டாண்டு காத்திருந்து தோண்டிய வேர், ஆலையில் சில நாளில் முடியும் பொருளோடு போட்டியிட இயலவில்லை. சாயவேர் அகழ்வோர் வேறு தொழில் தேடினர்.

வரலாறு நம் ஊரிலேயே மற்றொரு திருப்பம் கண்டது. 1950களின் இறுதியில் சாகுபுரத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா செய்யும் ஆலை எழுந்தது. இன்றைய செயற்கை நீலத்தையும் நாப்தால் வகைச் சாயங்களையும் கரைத்துத் துணியில் ஏற்றக் காஸ்டிக் சோடா இன்றியமையாதது. மணலின் வேரால் சாயத்தொழிலைத் தாங்கிய கரை, இன்று உப்பின் காரத்தால் தாங்குகிறது. நம்மில் பலரின் குடும்பங்கள் இவ்வாலைத்தொழிலை அண்டி வாழ்ந்தவை. அதனை வெறுத்துப் பேசுவது நம் நோக்கமன்று; பழமைக்குத் திரும்பினால் எல்லாம் சீராகும் என்பதும் நம் வாதமன்று.

நீர் ஓர் அமானிதம்

பழைய சாயக்காரரிடமிருந்து நாம் கற்கவேண்டியது நீரை அறிதல். திருப்பூரில் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் கெட்டதையும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதையும் நாடறியும். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த நபியவர்களின் வழியில் நடப்போர்க்கு, ஒரு வாளிச் சாயநீரும் சிறிய செய்தியன்று.

ஆகவே வீட்டில் சாயம் பழகும் மகளிர்க்குச் சில சொற்கள். பொருட்பெயரும் செய்தவர் பெயரும் குறிக்காத மலிவுப் பொடிகளைத் தவிர்க்க வேண்டும். புற்றுநோய்க்கு வழிசெய்யும் பென்சிடின் வகைச் சாயங்களை இந்திய அரசு 1990களிலேயே தடைசெய்துள்ளது. காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறை வேண்டும்; சோடாவை நீரில் இடவேண்டும், சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது; குழந்தைகள் அருகில் இருத்தல் கூடாது. சலவைச் சோடாவோடு குளிர்நீரில் ஏறும் ரியாக்டிவ் சாயங்கள் வீட்டுப் பழக்கத்திற்கு எளியவை. எச்சாயமாயினும் தேவைக்கு மேல் கலக்காதிருந்தால் கொட்டவேண்டிய மிச்சம் குறையும். கிணற்றருகிலும் கால்வாயிலும் அதனை ஊற்றலாகாது.

முன்னோர் வழியில் ஒரு சோதனை செய்ய விரும்புவோர் நாட்டு மருந்துக் கடைக்குச் சென்றால் போதும். வெளுத்த பருத்தித்துணியைக் கடுக்காய் நீரில் நனைத்து உலர்த்தி, 100 கிராம் துணிக்கு 15 முதல் 20 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்து, மஞ்சிட்டி வேரோடு மெல்லிய சூட்டில் காய்ச்சலாம். படிகாரம் தொடாத துண்டு ஒன்றையும் உடன் இட்டு, இரண்டையும் துவைத்துப் பார்க்கட்டும். வேறுபாட்டைக் கண்ணே சொல்லிவிடும். எந்தக் கிணற்று நீர், எவ்வளவு நேரம், என்ன நிறம் என்பதைத் துணித்துண்டோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி, தம் பெயரையும் நாளையும் இட்டு வைக்கட்டும். போலியே செய்ததை நம் பெண்மக்கள் தம் தாய்மொழியில் செய்வார்கள்.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 138ஆம் வசனம் இறைவழியைக் குறிக்க ஆளும் 'ஸிப்கத்' என்னும் சொல்லின் நேர்ப்பொருள் சாயம், வண்ணம் என்பதே. சாயத்தொட்டியில் கை நனைத்தவர்க்கு அவ்வுவமையின் ஆழம் எளிதில் விளங்கும். மேலே பூசியது கழுவினால் போகும். நூலோடு பிணைந்தது துவைக்கத் துவைக்கத் தெளியும்.

பயனுள்ள கல்வியையும், கைத்தொழிலில் பரக்கத்தையும், அமானிதமான நீரைக் காக்கும் பொறுப்புணர்வையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக. ஆமீன்.