அச்சுக்கூடமும் இணையத்தளமும்

கொழும்பின் வடபால் அமைந்த கிராண்ட்பாஸ், ‘பெருந்துறை’ எனப் பொருள்படும் பெயரையுடையது. களனி கங்கையைக் கடப்போர் அவ்வழியே சென்றனர். 1895இல் விக்டோரியாப் பாலம் எழும் வரை, படகுகளைப் பிணைத்து அமைத்த பாலமொன்றே அங்கு பயன்பட்டது. ஆற்றைக் கடக்க ஒரு வழியே உண்டெனில், அவ்வழியில் ஒரு காவலனை நிறுத்தினாற் போதும்; வருவோர் போவோர் அனைவரும் அவன் கண்ணிற் படுவர்.

இந்நாட்டில் அச்சுத் தொழிலை ஆண்ட சட்டமும் இத்தகைய காவலனே. பத்திரிகை அச்சிடுவோரும் வெளியிடுவோரும் தத்தம் பெயரையும் இருப்பிடத்தையும் அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டுமென 1839ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ தோன்றியது அதற்கு ஈராண்டு பின்னர், 1841இலாகும். அச்சட்டத்தை ஆக்கியோர் அச்சுக்கூடம் யாதென அறிந்திருந்தனர். பாரமான இயந்திரம், ஈய எழுத்து, மை, எழுத்துக் கோப்போர், நிலையான முகவரி ஆகிய யாவும் கண்ணாற் காணத்தக்கவை. 1930இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய ‘வீரகேசரி’ பின்னர் கிராண்ட்பாஸ் வீதியில் நிலைகொண்டது. அதனைத் தேடிச் செல்ல எந்த அதிகாரிக்கும் வழிகாட்டி வேண்டியிருக்கவில்லை. அச்சட்டம் நன்றோ தீதோ, தான் ஆளும் பொருளை அறிந்திருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

இணையத்தளத்தின் இயல்போ வேறு. அதனை நடத்துபவர் மட்டக்களப்பில் இருக்கலாம். எழுத்துகளைச் சேமிக்கும் கணினி அமெரிக்காவில் இருக்கலாம். வாசகர் ரொறன்ரோவில் இருக்கலாம். இவ்வியல்பை ஆராயுமுன்னரே பழைய அச்சுக்கூட விதி அதன்மேற் சுமத்தப்பட்டது. இலங்கையைப் பற்றிய செய்திகளைத் தாங்கிவரும் தளங்கள் பதிவு செய்யப்பட வேண்டுமென 2011 நவம்பரில் வெகுசன ஊடக அமைச்சு அறிவித்தது. சில தளங்கள் முடக்கவும்பட்டன. பதிவுக்கு ஒரு இலட்சம் ரூபாவும், ஆண்டுதோறும் 50,000 ரூபாவும் அறவிடும் எண்ணம் 2012இல் வெளியாயிற்று. பெரும் நிறுவனத்துக்கு இது சிறு தொகை. ஓய்வு நேரத்தில் தன் ஊர்ச் செய்தியை எழுதும் ஒருவருக்கோ வாயடைக்கும் தொகை.

தடையின் வலிமையையும் ஆட்சியாளர் மிகையாகவே மதித்தனர். 2022 ஏப்ரல் 3ஆந் திகதி சமூக ஊடகங்கள் நாடெங்கும் முடக்கப்பட்டபோது, மக்கள் வீ.பீ.என் எனப்படும் மாற்றுவழியால் அவற்றை அடைந்தனர். அன்று அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷவே, தாமும் அவ்வழியையே கையாள்வதாகவும், இத்தகைய தடைகள் பயனற்றவை எனவும் பகிரங்கமாக எழுதினார். துறையிற் காவலன் நிற்க, காவலனை நிறுத்தியோரில் ஒருவரே வேறு துறையால் ஆற்றைக் கடந்தார்!

இணையத்தால் தீங்கில்லை என்று இதற்குப் பொருளன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்ட நாள்களிற் பரவிய வெறுப்புரைகளை நாடு மறந்துவிடவில்லை. சட்டம் வேண்டற்பாலதே. ஆயினும் எத்தகைய சட்டம் என்பதே வினா.

சிங்கப்பூர் 2019இல் இயற்றிய சட்டத்தின் சாயலைக் கொண்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம், 2023இல் வெளியிடப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்தை நாடின. சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற வேண்டுமாயின் 31 வாசகங்கள் திருத்தப்படல் வேண்டுமென நீதிமன்றம் கண்டது. 2024 ஜனவரி 24ஆந் திகதி, 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் அளிக்கப்பெற்று அது நிறைவேறியது. நீதிமன்றம் பணித்த திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்து, சபாநாயகர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை சென்றது, அப்பிரேரணை தோல்வியுற்றது.

அச்சட்டத்தின் வரைவிலக்கணம் கருதத்தக்கது. பிறர் எழுதியவற்றை இணையத்தின் வழியே மக்கள் அணுகச் செய்யும் சேவை எதுவும் ‘இணைய இடைத்தரகர்’ என்னும் சொல்லுள் அடங்கும். கோடிக்கணக்கானோர் புழங்கும் உலக நிறுவனமும், வாசகர் கடிதங்களுக்கு இடமளிக்கும் கிராமச் சங்கத்தின் தளமும் அதன் முன் ஒன்றே. அறிவித்தல் கிடைத்து 24 மணி நேரத்துக்குள் இணங்குதல் பெருநிறுவனத்துக்கு இயலும். அதற்குச் சட்டத்தரணிகளும் இரவு பகலாக விழித்திருக்கும் ஊழியரும் உளர். பகலில் பாடசாலையிற் கற்பித்து, இரவிலே தளத்தைத் திறந்து பார்க்கும் தனி மனிதர் யாது செய்வார்? அஞ்சி, வாசகர் பகுதியை மூடுவார். நாளடைவில் தளத்தையே மூடுவார்.

சட்டமியற்றுவோர் அனைவரும் பொறியியலாளராதல் இயலாது, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் பாலம் அமைக்குமுன் ஆற்றின் ஆழத்தை ஓடக்காரனிடம் கேட்பது இழிவன்று. சிறு தளங்களை நடத்துவோரை அழைத்து, அவை எவ்வாறு இயங்குகின்றன எனக் கேட்டறிந்த பின்னரே வாசகங்களை வரைதல் முறையாகும். அறியாது தீட்டிய சட்டம் வலியோரைத் தீண்டுவது அரிது. எளியோரின் குரலையே அது முதலில் அடக்கும்.