நெஞ்செரிச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு



போன வாரம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். இரவு ஷிப்ட் வேலை. "டீச்சர், படுத்தாலே தொண்டை வரைக்கும் புளிச்சு ஏறுது. காலையில வெறும் வயித்துல மாத்திரை போட்டாத்தான் அன்னைக்குப் பொழுது ஓடுது. ரெண்டு வருஷமாச்சு" என்றான். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன். "எதுக்கு டீச்சர், மெடிக்கல்லயே குடுக்கிறாங்க" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, 34 ஆண்டுகள் அறிவியலும் சமூக அறிவியலும் நடத்தியவள். ஆனால் இதைத் தேடித் தேடிப் படித்ததற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

கதை 1822 ஜூன் 6-ஆம் தேதி தொடங்குகிறது. அமெரிக்காவில் ஹூரான் ஏரியில் மேக்கினாக் என்று ஒரு தீவு. அங்கே கம்பளித்தோல் வாங்கும் கம்பெனியின் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. பக்கத்தில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. படகில் சுமை ஏற்றிப் போகும் கூலித் தொழிலாளி, எழுதப் படிக்கத் தெரியாதவன். ராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் ஓடி வந்து பார்த்தார். பிழைக்கமாட்டான் என்றே நினைத்தார். அவன் பிழைத்தான். ஆனால் காயம் மூடவில்லை. இரைப்பைக்குள் நேராகப் பார்க்கும் ஒரு துவாரமாகவே அது நின்றுவிட்டது.

போமன்ட் அந்தத் துவாரத்தை ஜன்னலாக்கிக்கொண்டார். 1825 முதல் இறைச்சித் துண்டு, ரொட்டி, முட்டைக்கோஸ் என்று பட்டு நூலில் கட்டி உள்ளே விடுவார். மணிக்கணக்கு வைத்து வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார். இரைப்பை நீரைத் தனியே எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, உடல் சூட்டில் வைத்துப் பார்த்தார். குப்பியிலும் இறைச்சி கரைந்தது. செரிமானம் என்பது ஏதோ மாய சக்தி அல்ல, வேதியியல் என்பதற்கு இது கண்கூடான சான்று. அவன் கோபத்தில் இருந்த நாட்களில் செரிமானம் கெட்டதையும் அவர் எழுதி வைத்தார். இருநூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகள் 1833-ல் புத்தகமாக வந்தன.

செயின்ட் மார்ட்டினுக்கு இதில் என்ன கிடைத்தது? ஆண்டுக்கு 150 டாலர் கூலி, சாப்பாடு. நடுவில் போமன்ட் வீட்டில் விறகு வெட்டும் வேலையும் பார்த்தான். 1880-ல் அவன் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்த குடும்பத்தார், உடல் அழுகும்வரை வைத்திருந்து ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பாடப்புத்தகத்தில் செரிமானம் நடத்தும்போது இந்தப் பகுதி வராது. எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று லண்டனில் வில்லியம் புரவுட் 1824-லேயே வெளியிட்டிருந்தார். அமிலம் என்று தெரிந்ததும் மனிதன் என்ன செய்வான்? காரத்தை ஊற்றி அணைக்கப் பார்ப்பான். அடுத்த நூறு ஆண்டுகள் நடந்தது அதுதான். 1873-ல் சார்லஸ் பிலிப்ஸ் 'மில்க் ஆஃப் மெக்னீசியா'வுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதும் இதே கணக்குத்தான்.

1915-ல் சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி, வயிற்றுப் புண்காரர்களுக்கு மணிக்கொரு முறை பாலும் கிரீமும், இடையிடையே காரப் பொடியும் கொடுக்கச் சொன்னார். பல பத்தாண்டுகள் அந்த வைத்தியம் நடந்தது. சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டது. பால் குடித்தவுடன் எரிச்சல் தணிவது உண்மைதான். ஆனால் பாலிலுள்ள புரதமும் கால்சியமும் சிறிது நேரத்தில் அமிலத்தை மறுபடி சுரக்க வைக்கும். "நெஞ்சு எரிஞ்சா ஒரு டம்ளர் ஜில்லுனு பால் குடி" என்று நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு காலமும் எல்லோரும் இரைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிவது நெஞ்சுப் பக்கம். 1935-ல் நியூயார்க்கில் ஆஷர் விங்கல்ஸ்டீன், உணவுக்குழாய் புண்ணாவதற்கு மேலே ஏறும் அமிலம் காரணம் என்று எழுதினார். உணவுக்குழாயின் அடியில் ஒரு சுருக்குத் தசை கதவு மாதிரி காவல் நிற்கிறது என்பது 1956-ல் அழுத்தத்தை அளந்து காட்டப்பட்டது.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். இரைப்பையின் உட்சுவரில் வழவழப்பான கோழைப் படலம் இருக்கிறது. அமிலம் அதைச் சுடாது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நெஞ்செரிச்சல் உள்ள பலருக்கு அமிலம் அதிகம் சுரப்பதில்லை. கதவு தளர்ந்து, அது இடம் மாறி வருகிறது. நம் ஊரில் இதற்கு 'எதுக்களித்தல்' என்று அழகான சொல்லே இருக்கிறது. சீட்டில் ஜி.இ.ஆர்.டி. என்று டாக்டர் எழுதுவது இதைத்தான்.

மருந்துகளும் வளர்ந்தன. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக், அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமினின் கட்டளையைத் தடுக்கும் வழியைக் கண்டார். அப்படி வந்த சிமெடிடின் 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு. அதே ஆண்டு சுவீடனிலிருந்து ஒமிப்ரசோல் வந்தது. அமிலம் சுரக்கும் பம்பையே அடைக்கும் மருந்து. என் மாணவன் விழுங்குவது இந்த வகைதான். நல்ல மருந்து, பலருடைய உணவுக்குழாயைக் காப்பாற்றிய மருந்து. ஆனால் அது அமிலத்தைக் குறைக்கிறதே தவிர, தளர்ந்த கதவை இறுக்குவதில்லை. திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்கவும் செய்யும். அதனால் தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

கதவு ஏன் தளர்கிறது? நிறைந்த வயிறு, தொப்பை, புகை, மது, எண்ணெய்ப் பலகாரம், சாப்பிட்டவுடன் படுப்பது. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். ஆரோக்கியத்துக்காக அல்ல, மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க! கரண்ட் வந்தது, டி.வி. வந்தது, சாப்பாடு பத்து மணிக்குப் போனது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய கையோடு படுக்கும் பெண்களுக்குத்தான் இதில் பெரிய தண்டனை. நானும் இருபது வருஷம் அப்படித்தான் படுத்தேன், அப்படித்தான் எரிந்தேன். வள்ளுவர் 'மருந்து' என்று பெயர் வைத்த அதிகாரத்தில் பத்துக்கு ஆறு குறளுக்குக் குறையாமல் சாப்பாட்டின் அளவையும் நேரத்தையும் பற்றியே பேசுகிறார். வருஷா வருஷம் நடத்தினேன், நான் பின்பற்றவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறேன். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்குமே தவிரப் பலன் இல்லை. இடது பக்கம் சாய்ந்து படுக்கிறேன். அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்து இருக்கும். ஐந்து கிலோ குறைத்தேன். மாலை காபியை விட்டேன். சீரகத் தண்ணீர் குடிக்கப் பிடிக்கும், குடிக்கிறேன். அதுவே வைத்தியம் என்று சொல்லமாட்டேன். டாக்டரைக் கேட்டு, மெல்ல மெல்ல மாத்திரையை நிறுத்த எனக்கு ஐந்து மாதம் ஆனது.

இனி அந்தக் காரணம். 2006 ஐப்பசி. அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். 54 வயது. மத்தியானம் கல்யாண விருந்து சாப்பிட்டிருந்தார். ராத்திரி பத்து மணிக்கு "நெஞ்சு கரிக்குதும்மா" என்றார். அவருக்கு வழக்கமாக வருவதுதான். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். சோடா வாங்கிவரச் சொன்னேன். ஏப்பம் வந்தது, "இப்போ பரவாயில்லை" என்றார். வேர்த்துக் கொட்டியது, ஃபேனை வேகமாக வைத்தேன். இடது தோளைப் பிடித்துக்கொண்டார், வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தேன். பக்கத்து வீட்டில் கார் இருந்தது. கேட்கவில்லை. இந்நேரத்தில் தொந்தரவு எதற்கு என்று இருந்துவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு அண்ணன் இல்லை. மாரடைப்பு.

அண்ணன் பிள்ளைகளே, இதை உங்களிடம் இவ்வளவு விவரமாக நான் சொன்னதில்லை. அறிவியல் டீச்சர் வீட்டில் நடந்தது இது.

அதனால் எல்லோரும் கேளுங்கள். நெஞ்சு கரிப்பும் மாரடைப்பும் தொடக்கத்தில் ஒன்றுபோல் இருக்கலாம். நெஞ்சில் பாரம், வேர்வை, மூச்சுத் திணறல், தோள் கை தாடைக்குப் பரவும் வலி, இதில் எது சேர்ந்தாலும் சோடா தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் என்று தெரிந்து திரும்பி வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம், ரத்த வாந்தி இருந்தாலும் மாத்திரையால் மூடி வைக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

பெங்களூர் மாணவன் இந்தச் சனிக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான். போய்வந்து போன் செய்வதாகச் சொன்னான். செய்யாவிட்டால் நானே செய்வேன், அவனுக்கு என்னைத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்