மாற்றுக்கால் செய்வோர் கல்வி: பட்டறை முதல் இணையம் வரை

உடலுறுப்பை இழந்தவர்க்கு மாற்றுறுப்புச் செய்து கொடுக்கும் தொழில் மிகப் பழமையானது. போரில் கால் இழந்த விசுபலை என்பாளுக்கு அசுவினி தேவர் இரும்புக்கால் அளித்தனர் என்று இருக்கு வேதம் கூறுகிறது. எகிப்திய மம்மி ஒன்றுடன் கிடைத்த, மரத்தாலும் தோலாலும் ஆன கால் பெருவிரல் ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவராயிருந்த அம்புரோசு பாரே, செயற்கைக் கைகால்களுக்குப் படம் வரைந்து, பூட்டுத் தொழிலாளர் உதவியால் அவற்றைச் செய்வித்தார்.

இவையெல்லாம் செய்பொருளின் வரலாறு. செய்தவன் அத்தொழிலை யாரிடம், எவ்வாறு கற்றான் என்பதை அவ்வரலாறு பெரும்பாலும் சொல்வதில்லை. ஆசிரியப் பயிற்சியிலும் ஆசிரியத் தொழிலிலும் முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்த எனக்கு இந்த இரண்டாவது வினாவே பெரிதாகத் தோன்றுகிறது. இன்று செயற்கைக் கால் செய்வோர்க்கும், ஊனமுற்ற உறுப்பைத் தாங்கும் பட்டைகளும் காலிபர்களும் செய்வோர்க்கும், இணையவழிப் பாடமும் பட்டறைப் பயிற்சியும் கலந்த ஒரு புதுமுறை பரவி வருகிறது. கைத்தொழிலைத் திரைவழியே கற்பிக்க இயலுமா என்னும் ஐயத்துக்கு விடை காண, அது வந்த வழியை முதலில் காண்போம்.

போர் வளர்த்த தொழில்

முதல் உலகப் போருக்கு முன்னர் இது குடும்பத் தொழிலாகவும் பட்டறைத் தொழிலாகவுமே இருந்தது. தச்சனும் தோல் தொழிலாளியும் கொல்லனும் தத்தம் கைத்திறனை இதற்குப் பயன்படுத்தினர். அப்போரில் கால் இழந்து திரும்பிய வீரர் தொகை பட்டறைகளின் ஆற்றலை மீறியது. இங்கிலாந்தில் ரோகாம்ப்டன் மருத்துவமனை 1915-இல் உருவாயிற்று. ஜெர்மனியில் 1919-இல் ஆட்டோ பாக் என்பார் தொடங்கிய நிறுவனம், காலின் பகுதிகளைத் தனித்தனியே பெருமளவில் செய்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், படைவீரர்க்காகப் பூனாவில் செயற்கை உறுப்பு நிலையம் அமைந்தது.

நம் நாட்டார் மறக்கலாகாத செய்தியும் ஒன்றுண்டு. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதையில் காலில் புண் கண்டு அழுகியவர் எண்ணற்றோர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மாண்டனர். அப்பாதையின் முகாம்களிலும் சிங்கப்பூரின் சாங்கியிலும் கைதிகளாயிருந்த நேசநாட்டு வீரர்கள், மூங்கிலையும் மரத்தையும் கழிவுப் பொருள்களையும் கொண்டு தம் தோழர்களுக்குக் கால்கள் செய்து கொடுத்தனர். தேவையே அங்கு ஆசானாயிற்று. ஆனால் தேவை மட்டுமே கற்பித்த கல்வி, அத்தேவையுடன் முடிந்தும் போகும்.

வேலூரும் ஜெயப்பூரும்

தமிழ் மண்ணில் இத்துறைக்கு அடிகோலியது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு 1946-இல் அங்கு வந்தார். மருத்துவம் பயிலுமுன் கட்டட வேலையும் தச்சும் பயின்றவர் அவர். தொழுநோயால் உணர்வு மரத்த பாதம், அழுத்தம் தாங்காமல் புண்ணாகிறது என்பதைக் கண்டு, அப்பாதத்துக்கேற்ற காலணிகளைச் செய்விப்பதில் பெரிதும் உழைத்தார். மெத்தென்ற நுண்துளை ரப்பர்க் காலணி அங்குப் பழக்கத்துக்கு வந்தது. அதே கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

அதே காலத்தில் ஜெயப்பூரில் மற்றொரு புதுமை நிகழ்ந்தது. மேனாட்டுச் செயற்கைப் பாதம் காலணிக்குள் மறைந்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை அணிந்தவர் குந்தி உட்காரவோ, சம்மணமிடவோ, வெறுங்காலுடன் வயலில் இறங்கவோ இயலாது. சவாய் மான்சிங் மருத்துவமனையின் டாக்டர் பி. கே. சேத்தியும், பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாத கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் சேர்ந்து, 1968-இல் ரப்பரால் ஆன ஜெயப்பூர்ப் பாதத்தை உருவாக்கினர். டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் கடையின் வேலையே சர்மாவுக்கு வழிகாட்டியது என்பர். சேத்தி 1981-இல் மகசேசே விருது பெற்றார். ரப்பர் மரத்தடியில் வாழ்ந்த நம்மவர்க்கு இதில் ஓர் உவகை இல்லாமற் போகாது.

இங்கு நோக்கத்தக்கது, மருத்துவரின் நூலறிவும் கைவினைஞரின் விரலறிவும் ஒரே மேசையில் கூடியது. எனினும் இம்முறைக்கு ஒரு குறை இருந்தது. சர்மாவின் அருகில் அமர்ந்து பார்த்தவன் கற்றான். தொலைவில் இருந்தவன் கற்கவில்லை. செய்வது தெரிந்தவர்க்கு ஏன் அவ்வாறு செய்கிறோம் என்பது பல வேளைகளில் தெரியவில்லை.

பள்ளிகள் தோன்றின

1970-இல் கோபனேகனில் பன்னாட்டுச் செயற்கை உறுப்பு, தாங்கு கருவியியல் சங்கம் நிறுவப்பட்டது. மாற்றுக்கால் செய்வோரை வெறும் கைவினைஞராகவன்றி, நோயாளியைத் தேர்ந்தாய்ந்து முடிவு செய்யும் வல்லுநராகப் பயிற்றவேண்டும் என்று அது வற்புறுத்தியது. பட்டம் பெற்றவர், இணைநிலை வல்லுநர், பட்டறைத் தொழில்நுட்பர் என மூன்று படிநிலைகளும் வகுக்கப்பட்டன. தான்சானியாவின் மோசியில் 1981-இலும், கண்ணிவெடிகளால் பலர் கால் இழந்த கம்போடியாவில் 1994-இலும், வியட்நாமின் அனோயில் 1997-இலும் பயிற்சிப் பள்ளிகள் எழுந்தன.

இலங்கையில் போர் மூண்டபோது, யாழ்ப்பாணத்தில் 1987-இல் ஜெயப்பூர் நிலையம் தொடங்கிற்று. போரும் இடப்பெயர்வும் கண்ணிவெடியும் சூழ்ந்த ஆண்டுகளில் எண்ணற்ற தமிழர் அங்கே மீண்டும் நடக்கக் கற்றனர். முறையான கல்விக்கென 2004-இல் இலங்கைச் செயற்கை உறுப்புப் பயிற்சிப் பள்ளி உருவாயிற்று. தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் அமைந்த தேசிய நிலையம் இத்துறையில் பட்டம் அளிக்கிறது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகம் பட்டநிலையில் இதனைக் கற்பிக்கிறது. வேலையில் காயமுற்றோர்க்காகச் சொக்சோ நிறுவனம் மலாக்காவில் மறுவாழ்வு நிலையம் ஒன்றை 2014-இல் திறந்தது.

ஆயினும் தேவை பெரிது. உலகில் 35 முதல் 40 மில்லியன் மக்களுக்கு இவ்வகைக் கருவிகள் தேவை என்றும், பத்தில் ஒருவருக்கே அவை கிட்டுகின்றன என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது. 2017-இல் அது வெளியிட்ட நெறிமுறை, ஒரு மில்லியன் மக்களுக்கு 5 முதல் 10 வல்லுநர் வேண்டும் என்கிறது. ஏறக்குறைய 34 மில்லியன் மக்கள் வாழும் நம் நாட்டுக்கு, இக்கணக்கின்படி 170 முதல் 340 பேர் வேண்டும். அவர்கள் தலைநகரில் மட்டும் இருந்தாற் போதாது.

கலப்பு முறை

பள்ளிகள் எழுந்தும் ஒரு சிக்கல் நீங்கவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளாகப் பட்டறையில் உழைப்பவனை மூன்று நான்கு ஆண்டுகள் அயலூருக்கு அனுப்பினால், அவன் குடும்பத்தை யார் காப்பது? அவன் செய்துவந்த கால்களை யார் செய்வது? இவ்வினாவிலிருந்தே கலப்பு முறை பிறந்தது. எல் சால்வடோரின் தொன் போஸ்கோ பல்கலைக்கழகம் தொழிலில் இருப்போர்க்குத் தொலைக்கல்வி அளித்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹியூமன் ஸ்டடி என்னும் அமைப்பு இதையே மேலும் விரித்தது. உடற்கூறு, நோயியல், இயக்கவியல் ஆகியவற்றை மாணவர் தம் ஊரிலிருந்தே இணையவழி கற்பர். குறித்த காலங்களில் ஓரிடத்தில் கூடி, ஆசான் முன்னிலையில் நோயாளிகளுக்குக் கருவி செய்து பழகுவர். பின்னர் தம் பட்டறைக்குத் திரும்பி, கற்றதைக் கையாள்வர். 2020-இல் கொள்ளை நோய் உலகை அடைத்தபோது, இம்முறையை ஏற்காதிருந்த நிலையங்களும் இணையத்தை நாடவேண்டியதாயிற்று.

இதனைப் புதுமை என்று வியப்போர் நம் தோட்டப் பள்ளிகளின் பழைய ஆசிரியர்களை நினைத்தல் வேண்டும். வாரநாள்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, வார இறுதியில் நகருக்குச் சென்று நார்மல் வகுப்பில் அமர்ந்து ஆசிரியரானவர் அவர். சைக்கிளும் பேருந்தும் அன்று அவர்க்கு இணையம். நானும் பயிற்சிக் கல்லூரியில் முறையாகப் பயின்ற பின்னர், பள்ளி விடுமுறைகளில் படித்துத்தான் பட்டம் பெற்றேன். ஏட்டுப் பாடம் தொலைவிலிருந்து வந்தது. அதனால் எனக்கு இழப்பொன்றும் இல்லை. ஆனால் நான் ஆசிரியனானது, பயிற்சிக் காலத்தில் என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு முதிய விரிவுரைஞர் வந்து அமர்ந்த நாள்களில்தான்.

கை போன வழி

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய பக்கங்களைப் பெற்றோர் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினர். எழுத்துகள் நன்றாகவே இருந்தன, நாங்களும் பாராட்டினோம். பள்ளி திறந்து பிள்ளைகள் எதிரே அமர்ந்து எழுதியபோதுதான், பலர் ணகரத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கும், ககரத்தைக் கீழிருந்து மேலுக்கும் இழுப்பதைக் கண்டோம். படத்தில் எழுத்துச் சரி. கை போன வழி தவறு. அப்பழக்கத்தை மாற்ற ஓராண்டு பிடித்தது.

மாற்றுக்கால் தொழிலிலும் நிலை இதுவே. முழங்காலுக்குக் கீழே துண்டித்த காலுக்கு முதலில் மாவுக்கட்டுச் சுற்றி அச்செடுப்பர். கட்டு இறுகுமுன், முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நரம்புப்பட்டையில் இரு பெருவிரல்களையும் அழுத்திப் பிடிக்கவேண்டும். உடற்சுமையின் ஒரு பகுதியை அவ்விடம் தாங்கும். 1950-களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை இது. அச்சுக்குள் சாந்து ஊற்றி எடுத்த வடிவத்தில், சுமை தாங்கும் இடங்களைச் செதுக்கிக் குறைப்பர். எலும்பு துருத்தி வலிக்கும் இடங்களில் சாந்து பூசி உயர்த்துவர். அதன்மேல் சூடாக்கிய நெகிழித் தகட்டைப் போர்த்திக் கூடு செய்வர். இவற்றையெல்லாம் படமாகக் காட்டலாம். ஆனால் பெருவிரல் எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதைத் திரை சொல்லாது. அதை ஆசானின் கை, மாணவனின் கையைப் பிடித்தே சொல்லவேண்டும். அழுத்தம் தவறினால் முடிந்த கால் பார்வைக்கு அழகாகவே இருக்கும், அணிந்தவனுக்குத்தான் தெரியும்.

அவ்வாறு தெரிந்துகொண்ட ஒருவரை நான் அறிவேன். எங்கள் பண்டார் பாரு வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி, பின்னர் செம்பனைக் குலை அறுத்து ஓய்ந்தவர். நீரிழிவால் வலக்கால் இழந்தவர். அவருக்கு ஓரிடத்தில் நல்ல கால் கொடுத்தனர். கூடு உரசிப் புண்ணாயிற்று. திருத்தி வர வண்டிக்கூலி கொடுத்து இருமுறை சென்றார். மூன்றாம் முறை செல்லவில்லை. அந்தக் கால் இன்று அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால், காலுறையும் காலணியும் மாட்டியபடி நிற்கிறது. அவர் நாற்காலியில் இருக்கிறார். 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். நம் இனத்தாரிடை அந்நோய் மிகுதி என்பதும் தெரிந்ததே. ஆகவே இது ஒருவர் கதையன்று.

செய்யத்தக்கது

ஆதலின் கலப்பு முறையை நான் வரவேற்கிறேன், மூன்று நிபந்தனைகளுடன். ஏட்டறிவை இணையத்துக்கு விடலாம். அதனால் பணமும் காலமும் மிஞ்சும். மிஞ்சியதை ஆசான் முன்னிலையில் செய்யும் கைப்பயிற்சிக்கே செலவிடவேண்டும்; அதைக் குறைத்து இலாபம் காணலாகாது. மூன்றாவது, மாணவன் தன் ஊருக்குத் திரும்பியபின் ஆசான் அங்கே வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து பார்க்கவேண்டும். தேர்வு செய்வோர் வெளியாராயிருக்கவேண்டும். நோயாளி ஆறு மாதம் கழித்தும் அக்காலை அணிந்திருக்கிறாரா என்று கேட்பதைவிட நல்ல தேர்வு வேறில்லை.

இத்தகைய பயிற்சி கெடாவின் தென்கோடிக்கும் எட்டுமானால், கூலிமிலோ பாரிட் புந்தாரிலோ ஒரு சிறு பட்டறை இயங்கக்கூடும். கைத்திறன் மிக்க நம் பிள்ளைகள், மருத்துவர் பொறியாளர் என்னும் இரண்டு பெயரைத் தவிர வேறறியாமல் வளர்கின்றனர். இப்படி ஒரு தொழில் உண்டென்பதை ஆசிரியரும் பெற்றோரும் அவர்களுக்குச் சொல்லவேண்டும். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், மோட்டார்ச் சைக்கிள் பட்டறையில் வேலை செய்பவன், சென்ற மாதம் அந்தப் பெரியவர் வீட்டுக்கு என்னுடன் வந்தான். கதவுக்குப் பின்னிருந்த காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூட்டினுள் விரலை விட்டுத் தடவி, "இங்கேதான் ஐயா உரசுது" என்றான். பெரியவர் தலையசைத்தார். அவ்விரலுக்கு ஏன் என்று கற்பிக்கும் பாடம் இணையத்தில் வரட்டும். எவ்வாறு என்று கற்பிக்கும் கை எங்கிருந்து வரும் என்பதையே நாம் கேட்கவேண்டும்.