கோல சிலாங்கூர்ச் சிப்பியும் ஆற்றின் வரலாறும்

ஓர் ஊரின் வரலாற்றைக் கோட்டை கொத்தளங்களிலும் அரசர் பெயர்களிலும் தேடுவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். கோல சிலாங்கூர் என்றதும் புக்கிட் மெலாவத்தியும், 1784-ஆம் ஆண்டில் அதன் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், மறு ஆண்டே அவர்களை வெளியேற்றிய சுல்தான் இப்ராகிமும் நினைவுக்கு வருகின்றனர். அக்குன்றை அடுத்து ஓடும் ஆற்றுக்கும், அது கடலொடு கலக்கும் கரையோரச் சேற்று நிலத்துக்கும் தனியே ஒரு வரலாறு உண்டு. மலாய் மொழியில் 'கெராங்' எனப்படும் சிறு சிப்பி அச்சேற்றில் விளைவது. அதனை அரை வேக்காட்டில் உண்பதற்கென்றே வெளியூரார் பலர் விடுமுறை நாள்களில் இவ்வூர்க் கடலுணவுக் கடைகளை நாடி வருகின்றனர். நல்ல கெராங் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது அவர்கள் வினா. அவ்வினாவுக்குரிய விடையைத் தேடப் புகுவோர் கடையைக் கடந்து ஆற்றின் மேற்புறம் வரை செல்ல வேண்டியவராகின்றனர்.

சிப்பியுணவு மனிதகுலத்துக்கு மிகப் பழையது. பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறை நிலப்பகுதியில், குவார் கெப்பா என்னுமிடத்தில், பழங்கால மக்கள் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் மேடுகளாகக் குவிந்து கிடந்தன. அங்கு 2017-ஆம் ஆண்டில் கிடைத்த பெண்ணொருத்தியின் எலும்புக்கூடு ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்பர் ஆய்வாளர். கிறித்துவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்னரே, செர்கியுஸ் ஓராத்தா என்னும் உரோமானியர் கடற்சிப்பிகளைப் பாத்தி அமைத்து வளர்த்து விற்றுப் பொருளீட்டினார்.

தமிழருக்கும் சிப்பி புதியதன்று. கொற்கைத் துறை முத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. சிப்பி ஓடு நீறாகி வெற்றிலையுடன் சேர்ந்தது. எனினும், சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருட் பலர் திருச்சி, சேலம் போன்ற உள்நாட்டு மாவட்டங்களின் உழவர் குடியினர். கடற்கரைச் சேற்றில் விளையும் கெராங் அவர்களுக்கு இந்நாடு அறிமுகப்படுத்திய உணவே ஆகும்.

கெராங்கின் இயல்பை அறிந்தாலன்றி இவ்வரலாறு விளங்காது. பெரும்பாலான சிப்பிகளின் குருதி நிறமற்றது. கெராங்கின் குருதியோ நம் குருதியைப் போலவே செந்நிறம் உடையது. இரண்டிலும் உள்ள செம்பொருள் ஒன்றே. உயிர்வளி குறைந்த சேற்றில் அது வாழ்வதற்கு இக்குருதி துணை செய்கிறது. இரை தேடி அது அலைவதில்லை. தன்னைக் கடந்து செல்லும் நீரை உள்ளிழுத்து, வடிகட்டி, அதிலுள்ள நுண்பொருள்களை உண்கிறது. ஆதலின், நீரில் உள்ள நன்மையும் தீமையும் ஒருசேர அதன் உடலில் தங்குகின்றன.

இந்நாட்டில் கெராங் வளர்ப்பு 1948-ஆம் ஆண்டளவில் பேராக் மாநிலத்துப் பாகான் பஞ்சோரில் தொடங்கியது. போருக்குப் பிந்திய அந்நாள்களில் சீன மீனவர் இதனைத் தொழிலாக்கினர். இயற்கையாக விளைந்த குஞ்சுச் சிப்பிகளை வாரி வந்து, வேறோர் இடத்துச் சேற்றில் விதைப்பது போல் தூவினர். நெருக்கம் மிகுந்தால் கலைத்துப் பரப்பினர். ஓராண்டோ ஈராண்டோ கழிந்து, நீண்ட காம்புடைய கம்பிக் கூடையால் வாரியெடுத்தனர். நாற்று நட்டுக் களை பறிக்கும் நம் உழவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். இத்தொழிலின் நுட்பங்களைப் பதன்சாலி, சூங் என்னும் இருவர் 1958-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். காலப்போக்கில் கோல சிலாங்கூர்க் கரையோரமும் இவ்வளர்ப்பில் பேரிடம் பெற்றது.

சிப்பியைப் பச்சையாகவோ அரை வேக்காட்டிலோ உண்பதில் தனிச்சுவை உண்டு என்பதை உண்டவர் மறுப்பதில்லை. அதன் அபாயத்தையும் வரலாறு மறைக்கவில்லை. 1902-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வின்செஸ்டர், சவுத்தாம்டன் நகரங்களில் நகரத் தலைவர்கள் அளித்த விருந்துகளில் பச்சைச் சிப்பி உண்டோர் பலர் குடற்காய்ச்சலுற்றனர், சிலர் இறந்தனர். எம்ஸ்வொர்த் என்னும் ஊரில் விளைந்த அச்சிப்பிகளின் மீது அவ்வூர்க் கழிவுநீரே பாய்ந்துகொண்டிருந்தது. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1983-ஆம் ஆண்டில் அரை வேக்காட்டுக் கெராங்கினால் மஞ்சட்காமாலை பரவியது. 1988-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனத்தின் சாங்காய் நகரில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் அந்நோய்க்கு ஆளாயினர். அங்கும் காரணமாயிருந்தது கெராங்கின் இனத்தைச் சேர்ந்த சிப்பியே. அதுவும் கழிவு கலந்த நீரில் விளைந்ததே. இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் சமைத்தவர் கைத்திறனில் குறையில்லை. குறை, சிப்பி குடித்த நீரில் இருந்தது.

இனிச் சிலாங்கூர் ஆற்றின் பக்கம் திரும்புவோம். மலைநாட்டில் பிறந்து கோல குபு வழியாக இறங்கி வரும் இவ்வாறு, ஈய நிலங்களையும் தோட்டங்களையும் கடந்தே கடலை அடைகிறது. இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையில் ஈயம் வாரும் மிதவை இயந்திரங்கள் நெடுங்காலம் நிலத்தைக் கிளறின. அவ்வட்டாரத்திலேயே, 'தென்னமரம்' என்னும் தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டில் ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரை நட்டார். பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்று, 1930-ஆம் ஆண்டில் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. இரப்பரும் செம்பனையும் நாட்டுக்குச் செல்வம் தந்தன. அச்செல்வத்துக்குத் தமிழர் தம் உழைப்பைத் தந்தனர். பாலை உறையவைக்கும் ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் வெளியேற்றிய கழிவுநீர் நாட்டின் ஆறுகளிற் கலந்தது. அதனைக் கட்டுப்படுத்த 1974-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978-இல் இரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகளும் இயற்றப்பட்டன.

தோட்டத்துத் தமிழரும் கரையோரத்துச் சீன, மலாய் மீனவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே நீரால் பிணைக்கப்பட்டிருந்தனர். மேலே ஒருவன் வாய்க்காலில் விட்டது, கீழே மற்றொருவன் விளைச்சலைச் சென்று சேர்ந்தது. இத்தொடர்பை நம் பள்ளிப் பாடங்கள் போதிய அளவு சொன்னதில்லை.

அண்மைக் காலப் புள்ளிகள் கவலை தருவன. நாட்டின் கெராங் விளைச்சல் முன்னர் மிகுதியாக இருந்தது. பின்னர் அது பெரிதும் சரிந்தது. நீர் மாசும், கரையோர மாற்றங்களும், குஞ்சுச் சிப்பிகள் அருகியதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஒரே காரணத்தின் மீது பழியைச் சுமத்துதல் அறிவுடைமையாகாது. எனினும், எல்லாக் காரணங்களும் நீரையும் நிலத்தையும் மனிதன் நடத்திய முறையையே சுட்டுகின்றன என்பது தெளிவு.

பயணம் வருவோர் கடையில் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. உயிருள்ள கெராங் ஓட்டை இறுக மூடியிருக்கும். திறந்திருந்தாலும் தொட்டதும் மூடிக்கொள்ளும். தொட்டும் மூடாததும், கெட்ட வாடை வீசுவதும் தள்ளத்தக்கவை. ஆனால், உயிரோடிருப்பது வேறு, தூயதாயிருப்பது வேறு. காமாலைக் கிருமி கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாதது. தூய நீரில் சிப்பியைச் சில நாள் இட்டுவைத்தாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. சதையின் உட்பகுதி 90 பாகை வெப்பத்தில் 90 வினாடியாவது வேகவேண்டும் என்பர் அறிஞர். கொதிநீரை ஊற்றி உடனே எடுக்கும் வழக்கத்தில் இவ்வெப்பம் கிட்டாது. சுவை சற்றே குறையினும் நன்கு வெந்ததை உண்பதே நலம்.

அவ்வாறு உண்பவர் தம் உடலைக் காத்துக்கொள்வார், சிப்பியைக் காத்தவராகார். கெராங் இடம்பெயர்ந்து ஓடவல்ல உயிரன்று. ஆறு கொண்டுவந்து தருவதை உண்டு, தூவிய சேற்றிலேயே கிடப்பது. ஆதலின், ஆற்றங்கரையில் வாழ்வோர் அனைவரும் அதன் நலத்துக்குப் பொறுப்பாளிகள். தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டு வாய்க்கால் எந்த ஆற்றில் விழுகிறது, அவ்வாறு எந்தக் கடலில் சேர்கிறது என்பதை அறிந்து வளர்வார்களாயின், நல்ல கெராங் எங்கே கிடைக்கும் என்று வருங்காலத்தார் கேட்கும்போது, கோல சிலாங்கூரில் கிடைக்கும் என்று தயக்கமின்றி விடை கூறலாம்.