கம்பியில்லா ஒலிவாங்கிகளில் அலைக்குறுக்கீடு

மேடையில் பயன்படும் கம்பியில்லா மைக், காதுக்குள் அணியும் மானிட்டர் போன்ற கருவிகளின் வானொலி இணைப்பு, வேண்டாத அலைகளால் கெடுவதே அலைக்குறுக்கீடு. பேச்சு வழக்கில் கார்ட்லெஸ் மைக் எனப்படும் இக்கருவியில் இரைச்சல், சீழ்க்கை, அயல் குரல், திடீரென ஒலி அறுந்துபோதல் எனப் பல வடிவங்களில் இது வெளிப்படும். வெளியிலிருந்து வரும் அலை மட்டுமே இதற்குக் காரணமல்ல. ஒரே மேடையில் உள்ள மைக்குகள் ஒன்றையொன்று கெடுப்பதும், ரிசீவரின் ஆன்டெனா தவறான இடத்தில் இருப்பதும் இதே விளைவைத் தரும். எனவே பழுது நீக்குவதில் முதல் வேலை, கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதே.

இயங்கும் முறை

அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1953-இல் மேடைக் கலைஞர்களுக்காக வெளியிட்ட ‘வேகபாண்ட்’ இவ்வகை மைக்குகளின் முன்னோடிகளுள் ஒன்று. வெற்றிடக் குழல்களால் இயங்கிய அதன் எட்டுதூரம் சில மீட்டர்களே. 1964-இல் வெளியான ‘மை ஃபேர் லேடி’ திரைப்படத்தில் நடிகர் ரெக்ஸ் ஹாரிசன், தம் பாடல்களைப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்வதற்காகக் கழுத்துப்பட்டைக்குள் இத்தகைய மைக்கை மறைத்து அணிந்திருந்தார்.

இன்றைய தொழில்முறைக் கருவிகள் பெரும்பாலும் யுஎச்எஃப் பட்டையில், 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குகின்றன. இது தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. அந்தந்த ஊரில் ஒளிபரப்பு இல்லாத இடைவெளிகளில்தான் மைக்குகள் இடம்பிடிக்கின்றன. கையில் பிடிக்கும் மைக்கோ, காலர் மைக்குடன் இடுப்பில் செருகும் பாடிபேக்கோ பொதுவாக 10 முதல் 50 மில்லிவாட் திறனில்தான் ஒலிபரப்பும். இவ்வளவு குறைந்த திறனுள்ள அலையை, அருகிலுள்ள வலுவான அலை எளிதில் அமுக்கிவிடும்.

அனலாக் கருவிகள் எஃப்எம் முறையைப் பின்பற்றுவதால், அலை வலுவிழக்கும்போது முதலில் இரைச்சல் எட்டிப் பார்க்கும். டிஜிட்டல் கருவிகளில் அந்த முன்னறிவிப்பு இல்லை. கடைசி நொடி வரை ஒலி தெளிவாக இருந்து, பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். ரிசீவரில் உள்ள ஸ்குவெல்ச் சுற்று, அலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஒலியை மூடிவிடும். பல நிறுவனங்களின் கருவிகள் காதுக்குக் கேட்காத அடையாளத் தொனி ஒன்றையும் சேர்த்து அனுப்புகின்றன. அந்தத் தொனி இல்லாத அயல் அலை வந்தால் ரிசீவர் வாய் திறக்காது.

குறுக்கீட்டின் வகைகள்

நேரடிக் குறுக்கீடு: அதே அலைவரிசையிலோ, அதை ஒட்டியோ வேறொரு கருவி ஒலிபரப்புவது. பக்கத்து மண்டபத்தின் மைக், தொலைக்காட்சி நிலையம், கைபேசிக் கோபுரம் ஆகியவை இதில் அடங்கும். எல்இடி திரைகளும் மலிவான மின்வழங்கிகளும் எந்த அலைவரிசையையும் குறிவைத்து ஒலிபரப்புவதில்லை. ஆயினும் அகன்ற பட்டையில் இரைச்சலைக் கசியவிட்டு, அந்த இடத்தின் அடிப்படை இரைச்சல் அளவையே உயர்த்திவிடுகின்றன. மேடையின் பின்சுவர் முழுவதும் எல்இடி திரை நிற்க, அதற்குக் கீழேயே ரிசீவர் ஆன்டெனாக்களை வைத்தால் மைக்கின் எட்டுதூரம் வெகுவாகச் சுருங்கும்.

இடைப்பண்பேற்றம்: இரண்டோ அதற்கு மேற்பட்டோ அலைகள் ஒரு மின்னணுச் சுற்றில் கலந்து, யாரும் ஒலிபரப்பாத புதிய அலைகளைப் பிறப்பிப்பது. இவற்றுள் மேடைக்குத் தொல்லை தருபவை மூன்றாம் படி விளைபொருள்கள். முதல் அலைவரிசையை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் இவற்றுள் ஒன்று கிடைக்கும். 520, 521, 522 மெகாஹெர்ட்ஸில் மூன்று மைக்குகளை வைத்ததாகக் கொள்வோம். 521-ஐ இரட்டித்து 520-ஐக் கழித்தால் 522. அதாவது முதலிரு மைக்குகளும் சேர்ந்து, மூன்றாம் மைக்கின் தலைமேலேயே ஒரு போலி அலையை இறக்குகின்றன. மூன்றாவதை 522.4-க்கு நகர்த்தினால் எல்லா மூன்றாம் படி விளைபொருள்களும் எந்த மைக்கிலிருந்தும் குறைந்தது 0.4 மெகாஹெர்ட்ஸ் விலகிவிடும். சம இடைவெளி பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தாலும் இங்கே அதுதான் பகை. இரண்டு மைக்குகளுக்கு இத்தகைய விளைபொருள்கள் 2, மூன்றுக்கு 9, எட்டுக்கு 224 என எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும்.

பல்வழி மறைவு: மைக்கிலிருந்து நேராக வரும் அலையும், இரும்புச் சட்டம், தகரக் கூரை, சுவர் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் அலையும் ஆன்டெனாவில் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று அழிப்பது. 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 செ.மீ. ஆகையால், பாடகர் ஓரடி நகர்ந்தாலே ஒலி மறையவும் மீளவும் கூடும். இதைச் சமாளிக்கவே ரிசீவர்களில் இரண்டு ஆன்டெனாக்கள் உள்ளன. ஒன்றில் அலை மறையும் கணத்தில் மற்றொன்றில் பெரும்பாலும் இருக்கும் என்பதே இதன் அடிப்படை. ஒரு ஆன்டெனா கழன்றிருந்தாலும் மைக் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பாதுகாப்பு போய்விட்டது என்பது, பாடகர் நடக்கத் தொடங்கிய பின்பே தெரியும்.

உடல் மறைப்பு: மனித உடலில் உள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சும். கைமைக்கின் அடிப்பகுதியில் உள்ள ஆன்டெனாவை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது, பாடிபேக்கின் ஆன்டெனாவைச் சுருட்டிப் பைக்குள் திணிப்பது, வியர்வை படிந்த தோலோடு ஒட்டி வைப்பது ஆகிய மூன்றும் வலுவைக் கணிசமாகக் குறைக்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல்: விலை குறைந்த டிஜிட்டல் மைக்குகள் பலவும் வைஃபை, புளூடூத் ஆகியவை இயங்கும் இதே பட்டையைப் பயன்படுத்துகின்றன. வெறும் அரங்கில் பிற்பகல் ஒத்திகை குறையின்றி முடியும். மாலையில் ஆயிரம் பேர் கைபேசியோடு வந்து அமர்ந்ததும் அதே மைக் அறுந்து அறுந்து கேட்கும். கூட்டத்தின் கைபேசிகள் பட்டையை நிரப்புகின்றன, கூட்டத்தின் உடல்கள் அலையை விழுங்குகின்றன.

அறிகுறிகளைக் கொண்டு இனங்காணுதல்

நடக்கும்போது நொடிப்பொழுது ‘ஸ்ஸ்’ என்று அறுந்து மீண்டால் அது பெரும்பாலும் பல்வழி மறைவு. தூரம் கூடக் கூட இரைச்சல் படிப்படியாக ஏறினால் அலை வலுக்குறைவு. அயல் குரலோ பாட்டோ தெளிவாகக் கேட்டால் அலைவரிசை மோதல். வேறொரு மைக்கை இயக்கும்போது மட்டும் சீழ்க்கை வந்து, அதை நிறுத்தியதும் மறைந்தால் இடைப்பண்பேற்றம்.

எல்லாத் தொல்லையும் வானொலி இணைப்பில் பிறப்பதில்லை. சீரான 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எர்த் இணைப்பைச் சேர்ந்தது. ‘டிட் டிட் டிட்’ என்ற துடிப்பு, அருகில் உள்ள 2ஜி கைபேசியிலிருந்து வருவது. ஜிஎஸ்எம் கைபேசி விநாடிக்கு 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்புவதால் எழும் இந்தத் துடிப்பு கம்பி மைக்கிலும் மிக்சரிலும்கூடப் புகும். காலர் மைக்கின் மெல்லிய வயர் உள்ளே முறிந்திருந்தால் எழும் கரகரப்பைக் குறுக்கீடு என்று எண்ணி அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் வேலை. ரிசீவரின் ஆர்எஃப் மீட்டர் நிறைந்திருக்க ஒலி மட்டும் கெட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வயரையும் அதன் கனெக்டரையும் பேட்டரி முனைகளையும்தான். அவை சரியாக இருந்தால் இடைப்பண்பேற்றத்தைப் பார்க்கலாம்.

படிப்படியான சோதனை

முதலில் மைக்கை அணைத்துவிட்டு ரிசீவரின் ஆர்எஃப் மீட்டரைப் பார்க்க வேண்டும். மைக் அணைந்திருந்தும் மீட்டரில் விளக்கு எரிந்தால் அந்த அலைவரிசையில் வேறொரு அலை குடியிருக்கிறது. அலைவரிசையை மாற்றுவதே தீர்வு. ஸ்குவெல்ச் அளவைக் கூட்டி மீட்டரை அமைதிப்படுத்துவது தீர்வாகாது. அது எட்டுதூரத்தைத்தான் குறைக்கும்.

மீட்டர் அமைதியாக இருந்தால், அந்த ஒரு மைக்கை மட்டும் இயக்கி மேடை முழுவதும் பேசியபடி நடக்க வேண்டும். உண்மையில் அணியப்போகும் இடத்திலேயே பாடிபேக் இருக்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்துச் செய்யும் சோதனை, நிகழ்ச்சியில் நிகழப்போவதைக் காட்டாது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் அறுந்தால் ஆன்டெனாவின் இருப்பிடத்தை மாற்றிப் பார்க்கலாம்.

தனியாக நன்றாக இயங்கினால் மற்ற மைக்குகளை ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். எதை இயக்கும்போது தொல்லை தொடங்குகிறதோ, அது இடைப்பண்பேற்றக் கூட்டணியில் ஓர் உறுப்பினர். இயங்கிக்கொண்டிருக்கும் மைக்குகளை ரிசீவருக்குப் பக்கத்து மேசையில் குவித்து வைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. மிக அருகில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர்கள் தமக்குள்ளேயே இடைப்பண்பேற்றத்தை உண்டாக்கும். மைக்குகள் ஒன்றுக்கொன்று ஓரிரு மீட்டராவது விலகியிருக்க வேண்டும்.

அடுத்து ஒவ்வோர் ஆன்டெனாவையும் தனித்தனியே கழற்றி, மற்றதில் மட்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் கெட்டால், இரு கேபிள்களையும் இடம் மாற்றி மாட்ட வேண்டும். கோளாறு கேபிளோடு கூடவே நகர்ந்தால் பழுது கேபிளில். நகராவிட்டால் ஆன்டெனாவிலோ ரிசீவரிலோ. இச்சோதனைகளின்போது எல்இடி திரை, விளக்குகள், கம்பியில்லா வீடியோ கருவிகள் அனைத்தும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆன்டெனாவும் கேபிளும்

ரிசீவர் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள்ளேயே ஆன்டெனாவையும் விட்டுவைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. ஆன்டெனாவை வெளியே எடுத்து, கூட்டத்தின் தலைக்கு மேலே, மேடையை நேராகப் பார்க்கும்படி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். இரு ஆன்டெனாக்களுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி நல்லது. மைக்குக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் அலைவலு 6 டெசிபெல் கூடும், அதாவது நான்கு மடங்காகும். செலவில்லாத இந்த மருந்து, விலை உயர்ந்த பூஸ்டரைவிட மேலானது. துடுப்பு வடிவத் திசை ஆன்டெனா, முன்னால் வருவதை வாங்கிப் பின்னால் வருவதை ஒதுக்குவதால், எல்இடி திரைக்கு முதுகு காட்டி நிறுத்த ஏற்றது.

கேபிள் நீளம் கூடினால் அலைவலு குறையும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் இந்தப் பட்டையில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 4 டெசிபெல் வலுவைத் தின்னும். தடித்த ஆர்ஜி-213 அதில் பாதிக்கும் குறைவாகவே தின்னும். பூஸ்டரை இந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கே பயன்படுத்த வேண்டும். அளவு மீறினால் ரிசீவரே திணறி, புதிதாக இடைப்பண்பேற்றம் தோன்றும். மைக்கின் ஒலிபரப்புத் திறனை உயர்த்துவதும் இதே வகை. எல்லா மைக்குகளின் திறனையும் 1 டெசிபெல் கூட்டினால் மூன்றாம் படி விளைபொருள்கள் 3 டெசிபெல் கூடும். காதுக்குள் அணியும் மானிட்டரின் டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவை மைக் ரிசீவர் ஆன்டெனாவிலிருந்து சில மீட்டர் தள்ளியே வைக்க வேண்டும்.

அலைவரிசைத் திட்டமிடல்

நான்கைந்து மைக்குகள் வரை, கருவியிலேயே தரப்பட்டுள்ள குரூப், சேனல் முறை போதும். எல்லா மைக்குகளும் ஒரே குரூப்பில், வெவ்வேறு சேனல்களில் இருக்க வேண்டும். ஒரு குரூப்பில் உள்ள சேனல்கள் இடைப்பண்பேற்றம் மோதாதபடி முன்பே கணக்கிடப்பட்டவை. ஸ்கேன் செய்யும்போது முதல் மைக்குக்குக் காலியான சேனலைக் கண்டபின் அதை இயக்கத்திலேயே விட்டு, அடுத்த ரிசீவரை ஸ்கேன் செய்ய வேண்டும். இல்லையெனில் இரண்டுக்கும் ஒரே சேனல் ‘காலி’ என்று காட்டப்படும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் கலந்தாலோ எண்ணிக்கை பெருகினாலோ மென்பொருள் தேவைப்படும். ஷூரின் ‘வயர்லெஸ் வொர்க்பெஞ்ச்’ இலவசமாகக் கிடைக்கிறது. ‘டைனிஎஸ்ஏ’, ‘ஆர்எஃப் எக்ஸ்ப்ளோரர்’ போன்ற கையடக்க அலைமாலைப் பகுப்பான்களால் அரங்கின் அலை நிலவரத்தைத் திரையில் பார்த்தே முடிவெடுக்கலாம்.

அலைக்கற்றை ஒதுக்கீடு

நேற்று வரை தூய்மையாக இருந்த அலைவரிசை கெட்டுப்போவதற்கு அரசு முடிவுகளும் காரணமாகின்றன. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கம்பியில்லா மைக்குகளுக்கு 2010 ஜூன் 12 முதல் தடை வந்தது. கைபேசி நிறுவனங்களுக்கு விற்கப்பட்ட 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து அவை 2020 ஜூலை 13-க்குள் வெளியேற வேண்டியிருந்தது. பிரிட்டனில் 800 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைபேசிக்குப் போனபின், மைக்குகளுக்கான பொது இடம் 69-ஆம் சேனலிலிருந்து 606 முதல் 614 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 38-ஆம் சேனலுக்கு மாறியது.

இந்தியாவில் 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஜியோ நிறுவனம் 5ஜி சேவைக்காக வாங்கியது. இப்பட்டை ஒதுக்கீட்டில் 703 முதல் 748 வரை கைபேசிகளும், 758 முதல் 803 வரை கோபுரங்களும் ஒலிபரப்புகின்றன. இந்த எல்லைக்குள் இயங்கும் பழைய அல்லது மலிவான மைக்குக்குத் தொல்லை தருவது, பார்வையாளர்களின் சட்டைப்பையில் உள்ள கைபேசியாகவும் இருக்கலாம். மைக் வாங்கும் முன் அதன் பின்புறத்தில் அச்சிட்டுள்ள அலைவரிசை எல்லையைப் படித்துப் பார்ப்பது இதனால் அவசியமாகிறது. நாட்டில் அலைவரிசை உரிமங்களையும் கருவி ஒப்புதலையும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு கவனிக்கிறது.

வரம்புகள்

திட்டமிடலும் சோதனையும் குறுக்கீட்டின் வாய்ப்பைக் குறைக்குமே தவிர, முற்றிலும் இல்லாமல் செய்வதில்லை. வானலை எல்லாருக்கும் பொது. நிகழ்ச்சியின் நடுவே புதிதாக ஒரு டிரான்ஸ்மிட்டர் இயங்கத் தொடங்குவதைத் தடுக்கும் வழி ஒலி அமைப்பாளரிடம் இல்லை. ஆகவே மாற்று அலைவரிசை ஒன்றைத் தேர்ந்து எழுதி வைத்துக்கொள்வதும், மேடை ஓரத்தில் கம்பி மைக் ஒன்றை மிக்சரில் இணைத்துத் தயாராக வைப்பதும் தேர்ந்த ஒலி அமைப்பாளர்களின் வழக்கம். நகராமல் நின்று பேசும் மேடைக்கு முதலிலிருந்தே கம்பி மைக்தான் சரியான தேர்வு.