சென்னை மாநிலக் கல்வியிற் பாடத் தெரிவு

தேர்வு என்னும் சொல்லை இன்று நாம் இருபொருளில் வழங்குகின்றோம். பலவற்றுள் ஒன்றைப் பொறுக்கி எடுத்தலும் தேர்வு; எடுத்ததனை எத்துணைப் பயின்றனன் என்று ஆராயும் பரீட்சையும் தேர்வு. இதனைச் சொல்வழக்கில் நேர்ந்த தற்செயல் என்று தள்ளிவிடலாகாது. சென்னை மாநிலக் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, மாணவன் பாடத்தைத் தேர்ந்ததினும் பரீட்சை மாணவனைத் தேர்ந்ததே மிகுதி எனத் தோன்றுகின்றது. பொருள் மயக்கம் நேராவண்ணம் இக்கட்டுரையில் முன்னதைத் தெரிவு என்றும் பின்னதைப் பரீட்சை என்றும் வழங்குவாம்.

பொதுக்கல்வி எந்த வயதில் முடிதல் வேண்டும், ஒருதுறைக் கல்வி எந்த வயதில் தொடங்குதல் வேண்டும் என்னும் வினாவைக் கல்விக் குழுக்கள் பல எழுப்பியுள்ளன. அவை கூறிய விடைகள் பெரும்பாலும் ஒரு வயதைக் குறிப்பனவாகவே அமைந்தன. ஆயின் சான்றுகளை நோக்கும்பொழுது, வயதினும் இன்றியமையாத வேறொன்று உண்டு என்பது புலனாகும். ஒரு துறையிற் புகுந்தவன் மீண்டு வந்து வேறொன்றைப் பயிலுதற்கு வழி இருந்ததா என்பதே அது.

பழைய தமிழ்க் கல்வியை முதற்கண் நோக்குவாம். உ. வே. சாமிநாதையர் 1871-ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தபொழுது அவருக்குப் 16 ஆண்டு நிரம்பியிருந்தது. அதற்கு முன்னரே அவர் தமிழையன்றி வேறொன்றை விரும்பியவர் அல்லர். தந்தையாரோ இசையில் வல்லவர். மகனும் இசை பயிலவேண்டும் என்று விரும்பியவர். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசைப் பயிற்சியும் சில காலம் நடைபெற்றது. அஃது ஆசிரியருக்கு உவப்பாக இல்லை என்பதனை அறிந்தபின் ஐயர் அப்பயிற்சியை நிறுத்திவிட்டார். இதுவும் ஒரு பாடத் தெரிவே. எந்த அரசாணையும் எந்தக் குழுவும் இன்றி, ஆசிரியரது முகக்குறிப்பொன்றினாலேயே அது முடிவாகிவிட்டது.

ஒரே துறையில் இளமையிலேயே ஆழ்ந்த ஐயரவர்கள் அத்துறை முழுவதையும் அறிந்தனரோ எனின், அதுவும் இல்லை. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் ஆகியனவே அக்காலத்துப் பாடமுறையில் பெருவழக்காய் நின்றவை. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியபொழுதுதான், தாம் பயின்ற நூற்றொகுதிக்கு அப்பாலும் தமிழ் விரிந்து கிடந்தமையை ஐயர் உணர்ந்தார். அப்பொழுது அவர் கல்லூரி ஆசிரியர், வயது 25. அதன்பின் கும்பகோணத்துச் சைனர்களை அடுத்து அவர்தம் சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்து, 1887-இல் சிந்தாமணியை அச்சிட்டார். மீண்டும் மாணவராதற்கு அவருக்குத் தடை ஒன்றும் இருந்ததில்லை. எவரிடத்தும் சான்றிதழ் காட்டவேண்டிய நிலையும் இல்லை.

இதற்கு மறுதலையான ஒரு வழியும் அதே நூற்றாண்டில் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர். அங்கு ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் தருக்கமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியர் இருவருள் ஒருவர் அவர். கணக்குத் துறையில் அலுவல் பார்த்து, சட்டம் பயின்று, பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தவர் இவரே. ஒருதுறைக் கல்வியினின்று ஒரு பதிப்பாசிரியரும் பல்துறைக் கல்வியினின்று மற்றொரு பதிப்பாசிரியரும் தோன்றினர் என்றால், வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியதன் பின்னர் நிலைமை மாறிற்று. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்னும் படிகளைக் கடந்தாலன்றி மேற்செல்லுதல் அரிதாயிற்று. அப்படிகளின் கடுமைக்கு உலகறிந்த சான்று சீனிவாச இராமானுசன். 1903-இல் மெட்ரிகுலேஷனில் தேறி, உதவிச்சம்பளத்துடன் 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். (அதே கல்லூரியில் 23 ஆண்டு தமிழ் கற்பித்த சாமிநாதையர் அதற்கு முந்திய ஆண்டில்தான் சென்னைக்கு மாறிச் சென்றார்.) எஃப்.ஏ. வகுப்பில் ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க உரோம வரலாறு, வடமொழி ஆகிய அனைத்திலும் தேறவேண்டும் என்பது விதி. கணிதமொன்றிலேயே ஈடுபட்ட இளைஞர் உதவிச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும், 1906-இலும் 1907-இலும் பரீட்சையில் தவறினார். உடலியலே அவருக்குப் பெருந்தடையாயிற்று.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. பொதுக்கல்வி தீது என்பதற்கு இராமானுசன் வரலாற்றைச் சான்றாகக் காட்டுவோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உடலியல் கற்பித்தது தவறன்று; அதில் தவறியவனுக்குக் கணிதம் கற்கும் உரிமையும் இல்லை என்று கதவடைத்ததே தவறு. அக்கதவு பின்னர்த் திறந்தது உண்மையே. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவருக்கு 1913-இல் பல்கலைக்கழகமே திங்கள் 75 ரூபா ஆராய்ச்சி உதவிச்சம்பளம் வழங்கிற்று. பட்டம் பெறாத ஒருவருக்கு அது விதிவிலக்காகச் செய்யப்பட்டது. விலக்குப் பெற்றவர் பெயரை நாம் அறிவோம். பெறாதார் எத்துணையர் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

இத்தகைய இறுக்கத்தைத் தளர்த்தும் முயற்சியாக 1911-இல் எஸ்.எஸ்.எல்.சி. முறை சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. எல்லாரும் பயின்று பரீட்சை எழுதவேண்டிய பாடங்கள், எல்லாரும் பயிலவேண்டியனவாயினும் பொதுப் பரீட்சை இல்லாத பாடங்கள், மாணவர் தெரிந்தெடுத்துக்கொள்ளும் பாடங்கள் என மூன்று தொகுதிகள் வகுக்கப்பட்டன. பள்ளியிற் பெற்ற மதிப்பெண்ணும் பரீட்சையிற் பெற்ற மதிப்பெண்ணும் ஒரே ஏட்டிற் பதியப்பட்டன. தேறினான், தவறினான் என்று கூறாது, அவ்வேட்டைக் கண்டு கல்லூரியோ அலுவலகமோ முடிவு செய்துகொள்ளட்டும் என விடப்பட்டது. நல்ல கருத்தே. ஆயினும் கல்லூரிக்குத் தகுதியுடையார் யார் எனப் பல்கலைக்கழகம் எல்லை வகுத்தவுடன், மக்கள் வழக்கில் பழைய தேறுதலும் தவறுதலும் வேறு பெயருடன் மீண்டன.

தமிழ் பயின்றோர் நிலை வேறு. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தாய்மொழிகள் விலக்கப்படும் நிலை 1902-இல் தோன்றியபொழுது, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் அதனை எதிர்த்து நின்றார். அதற்கு முந்திய ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியிருந்தார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று பரீட்சைகளைச் சங்கம் நடத்திற்று. பின்னர்ப் பல்கலைக்கழகம் வித்துவான் பட்டத்தை வழங்கிற்று. திருவையாற்றிலும் அண்ணாமலைநகரிலும் கரந்தையிலும் அதற்கெனக் கல்லூரிகள் அமைந்தன. தமிழிலக்கியமும் இலக்கணமும் முழுமையாகப் பயிலுதற்கு இவை செய்த உதவி அளவிடற்கரியது. இவை இல்லையேல் சங்க நூல்களுக்கு இத்துணை ஆசிரியர் கிடைத்திரார்.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. வித்துவான் வகுப்பு இளமையிலேயே ஒருதுறையை ஏற்கச் செய்தது. அங்ஙனம் ஏற்றவனை ஆங்கிலப் பட்டதாரிக்குக் கீழே நிறுத்தியது கல்வித்துறை. ஊதியத்திலும் மதிப்பிலும் தமிழாசிரியர் பின்தள்ளப்பட்டமை நம்முள் மூத்தோர் பலர் வாழ்க்கையிற் கண்டது. வரலாறு, மொழியியல், கல்வெட்டு முதலிய துறைகளுக்கு அவர்கள் செல்ல விரும்பினும் ஆங்கிலப் பட்டம் இன்மையால் வழி அடைபட்டது. மறுபுறம், தமிழ்ப் பேரகராதியை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து நிறைவேற்றிய வையாபுரிப் பிள்ளை சட்டம் பயின்று வழக்கறிஞராய் இருந்தவர். சட்டத்திலிருந்து தமிழுக்கு வர வழி இருந்தது. தமிழிலிருந்து சட்டத்துக்குச் செல்ல இல்லை.

அவ்வழியை ஓரளவு திறந்தவை கீழ்த்திசைப் பட்டங்கள். மு. வரதராசனார் பள்ளிப் படிப்பின் பின் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராயிருந்தவர். 1935-இல் வித்துவான், 1939-இல் பி.ஓ.எல்., 1944-இல் எம்.ஓ.எல்., 1948-இல் பிஎச்.டி. எனப் படிப்படியாக ஏறி, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். ஒரே துறையில் சென்றும் அவர் மேலேற முடிந்தமைக்குக் காரணம், வித்துவான் பட்டம் முடிவிடமாக இல்லாது ஒரு படியாக மாற்றப்பட்டமையே.

இனி 1953-ஆம் ஆண்டு. பாடத் தெரிவு வரலாற்றில் இதனினும் கூர்ந்து நோக்கத்தக்க ஆண்டு வேறில்லை. அவ்வாண்டில் இரண்டு திட்டங்கள் வெளிவந்தன. இரண்டிற்கும் தலைவர் சென்னையைச் சார்ந்தவரே. முதலாவது, 1952-இல் நடுவணரசு அமைத்த இடைநிலைக் கல்விக்குழுவின் அறிக்கை. குழுவின் தலைவர் அ. இலட்சுமணசாமி முதலியார், மருத்துவர், 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மனிதப் பண்பியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளை ஒரே பள்ளியில் அமைத்து, சற்றேறக்குறையப் பதினான்கு வயதில் மாணவன் ஒன்றைத் தெரிந்தெடுக்கட்டும் என்றார் அவர். அறிவுரை கூற ஆசிரியர் இருத்தல் வேண்டும் என்பதனையும் வற்புறுத்தினார்.

இரண்டாவது, முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் அரசு நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளிற் புகுத்திய மாற்றம். பள்ளி நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டது; எஞ்சிய பொழுதில் குழந்தை பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகவேண்டும் என்பது ஏற்பாடு. பொருட் பற்றாக்குறையும், இருமுறை வகுப்பு நடத்தினால் மிகுதியான குழந்தைகட்கு இடம் கிடைக்கும் என்பதும் அரசினர் கூறிய காரணங்கள். எதிர்த்தோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர், அப்பெயரே நின்றது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினார் மிகச் சிலரே. முதலியார் குழு பதினான்கு வயதில் எழுவகையில் ஒன்றைத் தெரிக என்றது. மாநிலத் திட்டமோ ஆறு ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரே தொழிலைக் காட்டிற்று; அதனையும் தெரிந்தவன் குழந்தை அல்லன், பிறப்பு. ஒருதுறைக் கல்வி எத்துணை முன்னர்த் தொடங்குகின்றதோ அத்துணைக்குத் தெரிவு மாணவன் கையினின்று நழுவிப் பிறர் கைக்குச் செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. முதலியார் திட்டத்திலும் இக்குறை முற்றும் இல்லாமற் போகவில்லை. மனையியற் பிரிவு யாருக்கு என்று வகுக்கப்பட்டதோ, அவர்கள் அதனைத் தெரிந்தனரா, அன்றி அதற்கெனத் தெரியப்பட்டனரா?

ஏழு பிரிவும் உடைய பள்ளிகள் மிகச் சிலவாகவே அமைந்தன. தொழிற்பிரிவிற் சேர்ந்தவன் கல்லூரி புகுதல் அரிது என்று பெற்றோர் கருதியதனால், அறிவியற் பிரிவிலேயே கூட்டம் மிகுந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1956-இல் இண்டர்மீடியட் வகுப்பை நீக்கிப் புகுமுக வகுப்பை ஏற்படுத்தியது. ஈராண்டு ஓராண்டாகச் சுருங்கியதனால், பள்ளியிற் கொண்ட பிரிவை மாற்றிக்கொள்ளும் காலமும் சுருங்கிற்று. 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரி குழு இவற்றையெல்லாம் கண்டே, முதற் பத்தாண்டுக் கல்வி எல்லார்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும், பிரிவு அதன்பின்னரே தொடங்குதல் வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் 1978-இல் மேனிலை வகுப்புத் தொடங்கிற்று. முதற் பொதுப் பரீட்சை 1980-இல் நடைபெற்றது. பிரிவுகொள்ளும் வயது பதினான்கினின்று பதினைந்து பதினாறாக உயர்ந்தது. அவ்வளவே. கணிதம் கொள்ளாதவனுக்குப் பொறியியலும் உயிரியல் கொள்ளாதவனுக்கு மருத்துவமும் அந்த ஒரு நாளிலேயே விலகிப்போயின. எப்பிரிவு கிடைக்கும் என்பதனைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே உறுதிசெய்வது பல பள்ளிகளில் வழக்கமாயிற்று. தேர்வு என்னும் சொல்லின் இருபொருளும் இங்கே மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மேனிலை வகுப்பிற் சிறப்புத் தமிழ் ஒரு பாடமாக உளது. ஆயினும் எல்லாப் பள்ளிகளிலும் அது கற்பிக்கப்படுவதில்லை. இளங்கலைத் தமிழ் வகுப்பிலோ எப்பிரிவினரும் சேரலாம். ஆதலின் கணிதமும் உயிரியலும் வணிகமும் பயின்றோர் நம் வகுப்புகளுக்கு வருகின்றனர். தாம் விரும்பிய இடம் கிடைக்காமையால் வந்தோர் அவருட் பலர் என்பதனை நாம் அறிவோம். அது குறித்து வருந்துவோமேயன்றி, அவர் கொணரும் அறிவைப் பயன்கொள்ள முயன்றதில்லை. குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களைப் பாடஞ்சொல்லும் வகுப்பில், ஈராண்டு தாவரவியல் பயின்று வந்த மாணவன் ஒருவன் அமர்ந்திருத்தல் இன்று அரிதன்று. அம்மலர்களைப் பற்றி அவனை வினவும் வழக்கம் நம் துறைகளில் இன்னும் ஏற்படவில்லை.